பழைய காரை வீட்டிலேயே புதுப்பிக்க ஆசையா? 100 பீஸ் டூல்ஸ் செட்டை ஆர்டர் போடும் முன் இதைப் படிங்க!

வீட்டுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை. அதில் தார்ப்பாய் போர்த்தி, டயரில் காற்று இறங்கி நிற்கிறது ஒரு பழைய அம்பாசிடர். தாத்தா ஓட்டியது. விற்க மனசு வரவில்லை, காயலான் கடையில் போடவும் மனசு வரவில்லை. 'ஞாயிற்றுக்கிழமை தோறும் கொஞ்சம் கொஞ்சமா நாமளே வேலை பார்த்தா என்ன?' என்று ஒருநாள் தோன்றுகிறது.

அடுத்து கை போவது செல்போனுக்குத்தான். பளபளக்கும் பெட்டி, நூற்றுச் சொச்சம் டூல்ஸ், பாதி விலை ஆஃபர். ஆர்டர் போட்டாச்சு.

பெட்டி வந்த முதல் ஞாயிறு, முதல் நட்டு. 12 எம்எம் ஸ்பேனர் உள்ளேயே போகவில்லை. 13 எம்எம் போகிறது, ஆனால் ஆடுகிறது. அதையே போட்டு ஓங்கி இழுத்தால் நட்டின் ஆறு மூலையும் மழுங்கி உருண்டையாகிவிட்டது. கை போய் மட்கார்டில் இடித்து ரத்தம் வந்ததுதான் மிச்சம்.

தப்பு நட்டிலும் இல்லை, உங்கள் பலத்திலும் இல்லை. அந்த நட்டு இன்ச் அளவில் செய்தது. பெட்டியில் இருப்பதெல்லாம் எம்எம்.

பழைய காரில் கை வைக்க நினைப்பவர்கள் பலரும் சறுக்கும் முதல் இடம் இதுதான். டூல்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டியது நாமல்ல, கார்தான். அரியலூர் மாவட்டம் உடையார்பாளையம் போன்ற ஊரில் வீட்டு வாசலில் வைத்து வேலை பார்ப்பவருக்கு உண்மையில் எந்த டூல்ஸ் தேவை, எதை வாங்கவே வேண்டாம், எதில் மட்டும் காசைப் பார்க்கக் கூடாது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எந்த காருக்கு எந்த அளவு?

நம்மூர் வீடுகளில் நிற்கும் பழைய கார்களைப் பெரும்பாலும் மூன்று குடும்பமாகப் பிரிக்கலாம்.

முதல் குடும்பம், அம்பாசிடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையாக வைத்து, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த கார் இது. 1950-களின் கடைசியில் தொடங்கிய உற்பத்தி 2014-ல் நின்றது. 1,489 சிசி பிஎம்சி இன்ஜின் வந்த பழைய அம்பாசிடரில் நட்டு, போல்ட் எல்லாம் பெரும்பாலும் இன்ச் அளவுதான். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் பிரிட்டிஷ் வழி வந்ததே, அதற்கும் இன்ச்தான்.

1990-களில் அம்பாசிடருக்கு 1.8 லிட்டர் இசுசு இன்ஜின் வந்தது. ஜப்பான் இன்ஜின் என்பதால் அதற்கு எம்எம் ஸ்பேனர் வேண்டும். ஆனால் வண்டியின் மற்ற பாகங்களில் பழைய இன்ச் அளவு தொடர்ந்தது. அப்படின்னா, பானெட்டுக்குள் ஒரு ஸ்பேனர், வண்டிக்கு அடியில் வேறு ஸ்பேனர்!

இரண்டாவது, பத்மினி. இத்தாலியின் ஃபியட் 1100 வழி வந்த பிரீமியர் பத்மினி முழுக்க எம்எம். 10, 13, 17, 19 ஆகிய அளவுகள் இதில் அடிக்கடி கைக்கு வரும்.

மூன்றாவது, மாருதி 800. 1983-ல் வந்த இந்த வண்டியும் எம்எம்தான். ஆனால் ஜப்பான் வழக்கப்படி 10, 12, 14, 17 என்று போகும். பத்மினிக்கு வாங்கிய 13 எம்எம் இங்கே அதிகம் பேசாது. 12-ம் 14-ம்தான் கூடவே இருக்கும்.

1950-களுக்கு முந்தைய பிரிட்டிஷ் வண்டி யார் வீட்டிலாவது இருந்தால், கணக்கு இன்னும் மாறும். அதில் விட்வொர்த் என்ற பழைய முறை இருக்கும். அந்த ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண் நட்டின் அகலத்தைக் குறிக்காது, போல்ட்டின் தடிமனைக் குறிக்கும். கால் இன்ச் என்று பொறித்த விட்வொர்த் ஸ்பேனரின் வாய் உண்மையில் அரை இன்ச்சையும் தாண்டி அகலமாக இருக்கும். எண்ணைப் பார்த்து வாங்கினால் ஏமாந்து போவோம்.

'நூல்' கணக்கு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

நம்ம ஊர் கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் தெரிந்த கணக்குதான் இது. ஒரு இன்ச்சுக்கு 8 நூல். அரை இன்ச் என்றால் 4 நூல். பழைய பட்டறைகளில் ஸ்பேனரையும் 'நாலு நூல் எடு', 'அஞ்சு நூல் எடு' என்று கேட்பது உண்டு. அம்பாசிடரில் அடிக்கடி வரும் அளவுகளை எம்எம்-ல் மாற்றிப் பார்த்தால் எது சேரும், எது சேராது என்பது புரிந்துவிடும்.

• மூணரை நூல் (7/16 இன்ச்): 11.11 எம்எம். 11 எம்எம் ஸ்பேனர் இறுக்கமாக உட்காரலாம், அல்லது உட்காராமலே போகலாம்.
• 4 நூல் (1/2 இன்ச்): 12.70 எம்எம். 13 எம்எம் போட்டால் 0.30 எம்எம் ஆட்டம். மூலை மழுங்க இதுவே போதும்.
• நாலரை நூல் (9/16 இன்ச்): 14.29 எம்எம். 14 உள்ளே போகாது, 15 ரொம்ப லூஸ். இதற்கு மாற்றே கிடையாது.
• 5 நூல் (5/8 இன்ச்): 15.88 எம்எம். 16 எம்எம் ஓரளவு சேரும்.
• 6 நூல் (3/4 இன்ச்): 19.05 எம்எம். 19 எம்எம் கிட்டத்தட்ட அதே அளவு.
• ஏழரை நூல் (15/16 இன்ச்): 23.81 எம்எம். 24 எம்எம் ஓரளவு சேரும்.

அதாவது, பெரிய அளவுகளில் எம்எம் ஸ்பேனரை வைத்து ஒப்பேற்றலாம். ஆனால் அதிகம் பயன்படும் 1/2-லும் 9/16-லும் ஒப்பேற்றவே முடியாது. அம்பாசிடர் வைத்திருப்பவர் முதலில் வாங்க வேண்டியது 7/16 முதல் 3/4 வரையிலான இன்ச் ஸ்பேனர்கள். மொத்தம் ஆறேழு பீஸ்தான்.

சரி, உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ரொம்ப சுலபம். ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்குங்கள். பிளாஸ்டிக் டிஜிட்டல் காலிப்பர்கூட இந்த வேலைக்குப் போதும். எந்த நட்டையும் கழற்றாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டியைச் சுற்றி வந்து அளந்து, நோட்டில் எழுதுங்கள். துருவையும் பெயிண்டையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு அளக்க வேண்டும். இல்லையென்றால் அளவு கூடுதலாகக் காட்டும். பழைய வண்டியில் நடுவில் யாராவது ஒரு மெக்கானிக் இன்ச் நட்டு கிடைக்காமல் எம்எம் நட்டைப் போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. அதுவும் அளந்தால்தான் தெரியும்.

அந்த நோட்டுதான் உங்கள் ஷாப்பிங் லிஸ்ட்.

ஸ்பேனருக்கு முன் வாங்க வேண்டியது எது?

எல்லோரும் ஸ்பேனரில் தொடங்குவார்கள். ஆனால் காசு முதலில் போக வேண்டிய இடம் ஜாக்கி ஸ்டாண்ட்.

ஜாக்கி என்பது வண்டியைத் தூக்க மட்டுமே. தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்பது அதன் வேலை இல்லை. ஹைட்ராலிக் ஜாக்கியில் உள்ளே இருக்கும் ஒரு சின்ன ரப்பர் சீல் தேய்ந்தாலே எண்ணெய் கசிந்து ஜாக்கி இறங்கிவிடும். ஸ்டெப்னி மாற்றக் கொடுக்கும் ஸ்க்ரூ ஜாக்கியோ, வண்டி லேசாக நகர்ந்தாலே சாய்ந்துவிடும். அம்பாசிடரின் எடை ஒரு டன்னுக்கும் மேல். மாருதி 800 சின்ன வண்டிதானே என்று நினைக்க வேண்டாம், அதுவும் 600 கிலோவுக்கு மேல். நெஞ்சின் மேல் இறங்கினால் எந்த வண்டியும் சின்ன வண்டி இல்லை.

கிராமத்து வீடுகளில் நடக்கும் பெரிய ஆபத்து, செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ அடுக்கி வண்டியை நிறுத்துவது. சிமென்ட் கல் பளுவைத் தாங்குவது போலவே தெரியும். ஆனால் ஒரே முனையில் பளு இறங்கும்போது, எந்த அறிகுறியும் காட்டாமல் பட்டென்று நொறுங்கும். இரும்பு வளையும், மரம் முறியும் முன் சத்தம் கொடுக்கும். கல் எதுவும் சொல்லாது.

வீட்டில் வேலை பார்ப்பவர் கடைப்பிடிக்க வேண்டியவை இவைதான்.

• பளு அளவு பொறித்த ஜாக்கி ஸ்டாண்ட் ஒரு ஜோடி. வண்டியின் எடையைவிடத் தாராளமான அளவில் வாங்குங்கள்.
• மண் தரையில் ஸ்டாண்ட் புதையும். மழை பெய்த பிறகு இன்னும் மோசம். அடியில் தடித்த மரப்பலகையோ இரும்புத் தகடோ போட வேண்டும். முடிந்தால், வண்டி நிற்கும் இடத்தில் மட்டுமாவது சமமான கான்கிரீட் தளம் போட்டுவிடுங்கள். எந்த டூல்ஸ் செட்டையும்விட அது உபயோகம்.
• தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும்.
• ஸ்டாண்டில் இறக்கிய பிறகு வண்டியைக் கையால் நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் உள்ளே போகக் கூடாது.
• கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கப் போடுங்கள். கடைசி நேரத்தில் உயிரைக் காக்கும் இரண்டாவது ஸ்டாண்ட் அதுதான்.
• வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் வண்டிக்கு அடியில் படுக்க வேண்டாம்.

கூடவே ஒரு பாதுகாப்புக் கண்ணாடியும் வாங்கிவிடுங்கள். வண்டிக்கு அடியில் படுத்து நிமிர்ந்து பார்க்கும்போது, பல வருடத் துரு நேராகக் கண்ணில்தான் கொட்டும்.

ரிங்கா, டி-யா, சாக்கெட்டா?

கடைக்குப் போனால் மூன்று வகை ஸ்பேனரைக் காட்டுவார்கள்.

இரண்டு பக்கமும் வாய் திறந்திருக்கும் 'டி' ஸ்பேனர் வேகமாக வேலை செய்யும். ஆனால் நட்டின் இரண்டு பக்கத்தை மட்டுமே பிடிக்கும். இறுகிய நட்டில் போட்டால் வாய் விரிந்து வழுக்கும்.

ரிங் ஸ்பேனர் நட்டைச் சுற்றிலும் பிடிக்கும். முதல் இழுப்புக்கு எப்போதும் இதுதான். நட்டு இளகிய பிறகு டி ஸ்பேனருக்கு மாறலாம். ஒரு பக்கம் ரிங், மறுபக்கம் டி என இரண்டும் இருக்கும் காம்பினேஷன் ஸ்பேனர் வாங்கினால் ஒரே பீஸில் இரண்டு வேலையும் முடியும்.

சாக்கெட் செட்டில் கவனிக்க வேண்டியது, உள்ளே எத்தனை மூலை என்பது. 6 மூலை சாக்கெட் நட்டின் பக்கவாட்டைப் பிடிக்கும். 12 மூலை சாக்கெட் மாட்டுவது சுலபம், ஆனால் நட்டின் மூலைக்குப் பக்கத்தில் பிடிக்கும். புது வண்டிக்கு இரண்டும் ஒன்றுதான். துருப்பிடித்த பழைய வண்டிக்கு 6 மூலைதான் சரி.

ரேச்செட்டில் பல் எண்ணிக்கையைக் கேளுங்கள். 24 பல் என்றால் ஒவ்வொரு முறையும் கைப்பிடியை 15 டிகிரி நகர்த்த வேண்டும். 72 பல் என்றால் 5 டிகிரி போதும். இடுக்கான இடத்தில் இந்த வித்தியாசம் பெரிசு. ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இறுகிய நட்டை உடைக்க ரேச்செட்டைப் பயன்படுத்தினால் உள்ளே இருக்கும் பல் போச்சு. அதற்கு நீளமான கைப்பிடி உள்ள டி-பாரோ, பிரேக்கர் பாரோ தனியாக வேண்டும்.

பிரேக் பைப்பின் நட்டு மட்டும் தனி ரகம். பித்தளையிலோ மெல்லிய இரும்பிலோ இருக்கும் அது, சாதாரண டி ஸ்பேனருக்குச் சட்டென்று மழுங்கிவிடும். பைப் நுழைய ஒரு வெட்டு விட்ட ரிங் ஸ்பேனர் இதற்காகவே இருக்கிறது, பெயர் ஃப்ளேர் நட் ஸ்பேனர். உங்கள் வண்டியின் அளவில் ஒன்றோ இரண்டோ வாங்கினால் போதும்.

ஸ்க்ரூ ஸ்பேனர் எனும் அட்ஜஸ்டபிள் ஸ்பேனர்? அவசரத்துக்கு ஒன்று இருக்கட்டும். அதையே நம்பி பழைய வண்டியைக் கழற்றத் தொடங்கினால், மழுங்காத நட்டு ஒன்றுகூட மிஞ்சாது.

ஸ்டார் ஸ்க்ரூடிரைவரில் ஒரு சின்ன சூட்சுமம்

மாருதி 800 போன்ற ஜப்பான் வழி வண்டிகளில் ஸ்டார் ஸ்க்ரூ பார்ப்பதற்குச் சாதாரண பிலிப்ஸ் மாதிரியே இருக்கும். ஆனால் அது ஜேஐஎஸ் எனும் ஜப்பான் தர அளவில் செய்ததாக இருக்கலாம். பிலிப்ஸ் முனை அதில் அடிவரை உட்காராது. அழுத்தித் திருகினால் மேலே எழும்பி வழுக்கி, ஸ்க்ரூவின் தலையைக் குடைந்துவிடும். கார்புரேட்டரில் இருக்கும் சின்ன ஸ்க்ரூக்கள் இப்படித்தான் பாழாகின்றன. ஜேஐஎஸ் முனை உள்ள ஸ்க்ரூடிரைவர் ஒன்று வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

தட்டையான ஸ்க்ரூவுக்கு முனையின் அகலமும் தடிமனும் பள்ளத்தில் நிரம்ப உட்கார வேண்டும். வீட்டில் இருக்கும் ஒரே திருப்புளியை எல்லாவற்றுக்கும் போடாதீர்கள். அசையவே அசையாத ஸ்க்ரூவுக்கு, சுத்தியலால் பின்னால் தட்டினால் முனை திரும்பும் இம்பாக்ட் டிரைவர் இருக்கிறது. கையால் அடிக்கும் வகையே போதும், மின்சாரம் தேவையில்லை.

துருப்பிடித்த நட்டை எப்படிக் கழற்றுவது?

பத்து வருடம் வெயிலிலும் மழையிலும் நின்ற வண்டியில் நட்டும் போல்ட்டும் ஒன்றோடொன்று ஊறிப்போயிருக்கும். இங்கே பலத்தைவிடப் பொறுமைதான் வேலை செய்யும்.

முதலில் கம்பி பிரஷ்ஷால் வெளியே தெரியும் மரையைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு துரு இளக்கும் எண்ணெயைத் தடவி ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் மீண்டும் தடவுங்கள். அடுத்து, நட்டின் தலையில் நேராகச் சுத்தியலால் நாலு தட்டு. அந்த அதிர்வில் துரு விரிசல் விட்டு எண்ணெய் உள்ளே இறங்கும். பிறகுதான் ரிங் ஸ்பேனர்.

முதலில் கழற்றும் திசையில் அல்ல, இறுக்கும் திசையில் ஒரு சின்ன அசைவு கொடுத்துப் பாருங்கள். அசைந்தால் பிடிப்பு விட்டது என்று அர்த்தம். பிறகு முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்துக் கழற்ற வேண்டும். ஒரே மூச்சில் இழுத்தால் போல்ட் நடுவில் முறிந்துவிடும். இன்ஜின் பிளாக்குக்குள் போல்ட் முறிந்தால் பத்து நிமிட வேலை பத்து நாள் வேலையாகும்.

நெருப்புக் காட்டிச் சூடேற்றும் முறையும் உண்டு. ஆனால் பெட்ரோல் டேங்க், பெட்ரோல் பைப், பிரேக் பைப் பக்கத்தில் அதை வீட்டில் செய்யவே வேண்டாம். காலி டேங்க் இன்னும் ஆபத்து. பெட்ரோல் இருக்காது, ஆனால் அதன் ஆவி நிறைந்திருக்கும். அந்த வேலையைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

உளியும் சுத்தியலும் எடுக்கும் முன், உளியின் தலையைப் பாருங்கள். அடிவாங்கி அடிவாங்கித் தலை காளான் போல விரிந்திருந்தால், அந்த ஓரம் சிதறித் தெறிக்கும். கிரைண்டரில் வழித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

இறுக்குவதற்கும் ஒரு அளவு உண்டு

கழற்றுவதைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள். திரும்ப மாட்டும்போதுதான் இன்ஜின் பிழைக்கிறதா, சாகிறதா என்பது முடிவாகிறது.

சிலிண்டர் ஹெட் போல்ட்டைக் குறைவாக இறுக்கினால் கேஸ்கட் ஊதும். அதிகமாக இறுக்கினால் மரை கழன்றுவிடும். அனுபவமுள்ள மெக்கானிக் அண்ணனுக்குக் கை கணக்கு தெரியும். நமக்குத் தெரியாது. அதனால் டார்க் ரென்ச் தேவை. மேனுவலில் எந்த போல்ட்டுக்கு எவ்வளவு, எந்த வரிசையில் இறுக்க வேண்டும் என்று இருக்கும். பழைய மேனுவலில் பவுண்டு-அடி என்றோ, கிலோ-மீட்டர் என்றோ எழுதியிருப்பார்கள். இன்றைய ரென்ச்சில் நியூட்டன் மீட்டர் இருக்கும். 1 கிலோ-மீட்டர் என்பது சுமார் 9.8 நியூட்டன் மீட்டர். 1 பவுண்டு-அடி என்பது சுமார் 1.36 நியூட்டன் மீட்டர். இந்தக் கணக்கில் தடுமாறினால் போல்ட் முறியும்.

டார்க் ரென்ச்சை வைத்து நட்டைக் கழற்றக் கூடாது. வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சத்துக்குத் திருப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து, பிறகு பொய்க் கணக்கு காட்டும்.

இன்னொன்று ஃபீலர் கேஜ். மெல்லிய தகடுகள் விசிறி போல விரியும். பட்டறையில் பலர் 'பில்லர் கேஜ்' என்பார்கள். வால்வு இடைவெளி, பாயின்ட் இடைவெளி, பிளக் இடைவெளி எல்லாம் இதில்தான் பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்ற, உள்ளே ரப்பர் வைத்த பிளக் ஸ்பேனர் வேண்டும். சாதாரண சாக்கெட்டைப் போட்டால் மேலே இருக்கும் வெள்ளைப் பீங்கான் உடையும். பேட்டரி வேலைக்கும் லைட் வேலைக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும்.

பேட்டரியைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. இன்றைய வண்டிகளில் மைனஸ்தான் பாடியோடு இணைந்திருக்கும். ஆனால் சில பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளில் பிளஸ் பாடியோடு இணைந்திருக்கும். எந்த ஒயர் பாடிக்குப் போகிறது என்று பார்த்து, அதை முதலில் கழற்றுங்கள்.

எதை வாங்கவே வேண்டாம்?

உடையார்பாளையம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அரியலூர் வட்டாரம் முழுக்க சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட் ஆலைகளும்தான். லாரிகள் ஓடும் இடத்தில் லாரிப் பட்டறைகளும் லேத் பட்டறைகளும் இருக்கும். 30 எம்எம்-க்கு மேற்பட்ட பெரிய சாக்கெட், பேரிங் புல்லர், பிரஸ், கேஸ் வெல்டிங் எல்லாம் அங்கே இருக்கும் சாமான்கள். வருடத்துக்கு ஒருமுறை தேவைப்படும் இவற்றை வாங்கிக் கொட்டகையில் துருப்பிடிக்க விடுவதைவிட, பாகத்தைக் கழற்றி அங்கே எடுத்துப் போவது லாபம். முறிந்த ஸ்டட்டை எடுப்பதும் லேத் பட்டறை வேலைதான்.

டிங்கரிங் வேலையில் சின்ன நசுங்கலை எடுக்க, ஒரு டிங்கரிங் சுத்தியலும் பின்னால் தாங்கிப் பிடிக்கும் டாலியும் போதும். பெரிய அளவில் துரு தின்ற சேஸிஸ் பாகத்தை, பட்டி வைத்து மூடிப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பட்டி பார்க்க மட்டும்தான் அழகு, பளு தாங்காது. அங்கே வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்கும் கை தேர்ந்த வெல்டர்தான் வேண்டும்.

பழைய வண்டியின் பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம், பிரேக் ஷூவில் கல்நார் இருக்கலாம். இரண்டின் தூசும் மூச்சில் போகக் கூடாது. பெயிண்டைத் தண்ணீர் தொட்டே தேயுங்கள். பிரேக் டிரம்மை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். நல்ல மாஸ்க் அவசியம். குழந்தைகள் விளையாடும் வாசலில் இந்த வேலை வேண்டாம்.

கடையில் எப்படிச் சோதித்து வாங்குவது?

• ஸ்பேனரில் அளவு ஆழமாகப் பொறித்திருக்க வேண்டும். ஸ்டிக்கரில் மட்டும் இருந்தால் வேண்டாம்.
• குரோம் வெனடியம் எஃகு என்ற குறியும் ஐஎஸ் எண்ணும் இருக்கிறதா பாருங்கள். டி ஸ்பேனருக்கு ஐஎஸ் 2028, ரிங் ஸ்பேனருக்கு ஐஎஸ் 2029 என்று இந்தியத் தர எண்கள் உண்டு.
• அதே கடையில் புது போல்ட் ஒன்று வாங்கி, ஸ்பேனரை மாட்டி ஆட்டிப் பாருங்கள். லேசான அசைவு பரவாயில்லை, லொடலொடவென்று ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.
• கட்டிங் பிளேயரை மூடி வெளிச்சத்தில் பிடியுங்கள். வெட்டும் இடத்தில் வெளிச்சம் தெரியக் கூடாது.
• ஆக்ஸா பிளேடில் ஒரு இன்ச்சுக்கு எத்தனை பல் என்று பாருங்கள். மெல்லிய தகட்டுக்கு 32 பல், தடித்த இரும்புக்கு 18 அல்லது 24 பல்.
• சுத்தியலின் பிடி தலையில் ஆடக் கூடாது. ஆப்பு வைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய டூல்ஸ் வாங்கலாமா? தாராளமா. பஞ்சாபின் ஜலந்தரிலும் லூதியானாவிலும் பல பத்தாண்டுகளாகக் கைக்கருவி தொழில் நடக்கிறது. அங்கிருந்து வந்த பழைய ஃபோர்ஜிங் ஸ்பேனர்கள் இன்றைய மலிவுப் பெட்டியைவிட உறுதியாக இருப்பது உண்டு. முக்கியமாக, புதுக் கடைகளில் இன்ச் ஸ்பேனர் கிடைப்பது குறைந்துவிட்டது. அம்பாசிடர் ஓடிய காலத்தில் பட்டறை வைத்திருந்து இப்போது ஓய்வில் இருக்கும் பெரியவரிடம் அது முழு செட்டாக இருக்கலாம். கூடவே அவருடைய அனுபவமும் கிடைக்கும், அதற்கு எந்தக் கடையிலும் விலை கிடையாது. வாய் விரிந்ததா, விரிசல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். உதிரி பாகங்களுக்குச் சென்னை புதுப்பேட்டை இருக்கவே இருக்கிறது.

ஸ்பேனரைத் தொடும் முன் ஆர்.சி புக்கைப் பாருங்க

இது டூல்ஸ் விஷயம் இல்லைதான். ஆனால் இதைப் பார்க்காமல் செய்யும் செலவு மொத்தமும் வீணாகலாம். உடையார்பாளையம் 1995 வரை திருச்சி மாவட்டத்தில் இருந்தது. பிறகு பெரம்பலூர் மாவட்டம், 2007 முதல் அரியலூர் மாவட்டம். அதனால் தாத்தா காலத்து வண்டியின் ஆர்.சி திருச்சி அலுவலகத்தில் பதிவானதாக இருக்கலாம். வண்டி யார் பெயரில் இருக்கிறது, பதிவு எப்போது முடிந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான வண்டி என்றால், மத்திய அரசு 2021 ஜூலையில் அறிவித்த 'விண்டேஜ்' விதிகளின் கீழ் பதிவு செய்ய வழி உண்டு. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய் என்றும், பதிவு 10 ஆண்டு செல்லும் என்றும் அந்த விதி சொன்னது. எண் பலகையில் மாநில எழுத்துகளுக்கு அடுத்து 'விஏ' என்று வரும். ஆனால் அந்த வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே எடுக்கலாம். வண்டி பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை.

50 ஆண்டு ஆகாத வண்டிக்கு வழக்கமான பதிவுப் புதுப்பிப்பு, இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாமே வேண்டும். இன்ஜினையோ சேஸிஸையோ மாற்றுவதாக இருந்தால், ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்ட பிறகே கை வையுங்கள்.

எந்த வரிசையில் வாங்குவது?

முதல் மாதம்: காலிப்பர், நோட்டு, கம்பி பிரஷ், துரு இளக்கும் எண்ணெய், கண்ணாடி, கையுறை, மாஸ்க். ஜாக்கியும் ஒரு ஜோடி ஸ்டாண்டும்.

இரண்டாவது மாதம்: உங்கள் நோட்டில் அதிக முறை வந்த ஆறேழு அளவுகளில் காம்பினேஷன் ஸ்பேனர். நல்ல ஸ்க்ரூடிரைவர் நாலு. கட்டிங் பிளேயர், 450 கிராம் சுத்தியல், ரப்பர் சுத்தியல்.

மூன்றாவது மாதம்: அதே அளவுகளில் 6 மூலை சாக்கெட், ரேச்செட், பிரேக்கர் பார். பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர்.

இன்ஜினைத் திறக்கும்போது மட்டும்: டார்க் ரென்ச். பிரேக்கைத் திறக்கும்போது மட்டும்: ஃப்ளேர் நட் ஸ்பேனர்.

கூடவே காசே செலவில்லாத மூன்று டூல்ஸ் உண்டு. கழற்றும் முன் போட்டோ எடுக்க உங்கள் செல்போன். நட்டு, போல்ட்டைப் பிரித்து வைக்க ஊறுகாய் பாட்டில்கள். எது எங்கிருந்து வந்தது என்று எழுதி ஒட்ட ஒரு பேப்பர் டேப். கழற்றி ஆறு மாதம் கழித்து மாட்டும்போது, ஞாபகசக்தியை நம்பினால் நாலு போல்ட் மிஞ்சும்.

வேலை முடிந்ததும் டூல்ஸைத் துடைத்து லேசாக எண்ணெய் தடவி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடியும்போது எண்ணெய் தடவாத ஸ்பேனரும் அந்த வண்டி மாதிரியே துருப்பிடித்திருக்கும்.

நூறு டூல்ஸ் இருக்கும் பெட்டியில் உங்கள் வண்டிக்குப் பொருந்துவது பத்து இருக்கலாம், ஒன்றுகூட இல்லாமலும் போகலாம். அளந்து வாங்கிய இருபது டூல்ஸ் அந்த அம்பாசிடரை மறுபடியும் தெருவுக்குக் கொண்டுவரும். அதுவரை, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீங்க. கொட்டகையில் நிற்கும் வண்டி இன்னும் ஒரு மாதம் காத்திருக்கும், அவசரமே இல்லை.